சாட்சியின் தலையில் ஒரு முழம்

"அண்ணாச்சி, தண்ணி!" என்று மேலேயிருந்து செல்வராணி கத்தினாள்.

நான் ஏணியின் நாலாவது படியில் நின்றுகொண்டு, முதுகில் மாட்டியிருந்த கைப்பம்பை அடித்தேன். வயலுக்குப் பூச்சிமருந்து தெளிக்கிற அதே பம்புதான். அதன் குழாய் அவள் கையிலிருந்த துளை மெஷினில் போய்ச் சேரும். மரம் அறுக்கிற மெஷினில் ரம்பத்தைக் கழற்றிவிட்டு ஒரு இரும்புக் குழாயை மாட்டினது மாதிரி இருக்கும் அது. குழாயின் வாயில் வைரத் தூள் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் போகாவிட்டால் அந்த முனை கருகிவிடும். அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு முனை.

கல்லிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்து என் தலை, கழுத்து, சட்டைக்குள் என்று வரிசையாக இறங்கியது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருமே, அந்த வாசனை.

நாங்கள் நின்ற இடம், எங்கள் பக்கத்துச் சின்ன ஊரான புதுக்கோட்டையைத் தாண்டி, திருநெல்வேலி ரோட்டை விட்டு உள்ளே போனால் வரும் ஒரு பழைய கல் குவாரி. நாலு பக்கமும் பள்ளம். பள்ளத்தின் அடியில் பச்சைத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் ஒற்றைக் கறுப்புத் தூண். தூணின் உச்சியில், ஒரு ஆள் சம்மணம் போடுகிற அளவு இடத்தில், தொப்பி போட்ட ஆராய்ச்சி மாணவி.

ஆறாவது துளை முடிந்து மெஷினை நிறுத்தினாள். டார்ச் பேட்டரி பருமனுக்கு ஒரு கல் உருளை, அடியில் மட்டும் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதை உடனே உடைக்க மாட்டாள். மேலே ஒரு பித்தளைக் கருவியைச் செருகி, திசை பார்த்து, சாய்வு பார்த்து, சூரிய நிழலையும் மணியையும் குறித்து, உருளையின் பக்கத்தில் ஒரு கோடு கீறுவாள். அப்புறம்தான் உடைப்பாள். குழந்தைக்குத் தொப்புள்கொடி அறுப்பதில்கூட இவ்வளவு சடங்கு கிடையாது.

"நூறு கோடி வருசத்துக்கு மேல இருக்கும் அண்ணாச்சி," என்றாள் கல்லைத் தடவிக்கொண்டே. "தரையோட சேந்து ஊரு சுத்தியிருக்கே தவிர, தானா ஒரு நூல் அசையல."

நான் பம்பின் குழாயை உதறினேன். அந்தக் கல் அசைந்த கதை எனக்குத் தெரியும். அசைத்தவர்களில் நானும் ஒருவன். அசைக்கும்போது சங்கிலி வழுக்கி என் இடது தோளைக் கிழித்தது; தழும்பு இன்னும் இருக்கிறது. நூறு கோடி வருடமெல்லாம் ஆகவில்லை. மிஞ்சினால் பதினைந்து வருடம்.

கல்லுக்கு ஞாபகம் உண்டாம்

என் படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். விட்டேனா, விரட்டப்பட்டேனா என்பதில் எனக்கும் தலைமையாசிரியருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் என்னிடம் இருக்கிற சான்றிதழ் நான் பத்தாவது பாஸ் என்கிறது. சரக்குத் தோணியில் வேலைக்கு ஏற வேண்டி ஒரு புண்ணியவான் ஏற்பாடு செய்து கொடுத்தது.

பிறந்த தேதி, பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்டது. என் வகுப்பில் பாதிப் பேர் அதே நாளில் பிறந்தவர்கள். ரேஷன் கார்டில் அப்பா பெயருக்கு எழுத்து மாறி, நான் வேறு யாருக்கோ மகனாக இருக்கிறேன். ஒரு காலத்தில் கையில் வைத்திருந்த அடையாள அட்டையில் இன்னொருவன் படம் இருந்தது. அவன் என்னைவிட அழகாக இருந்ததால் நான் புகார் செய்யவில்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் செல்வராணி, பூமி உருண்ட கதையைச் சொன்னாள். ஏரல் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பத்துப் பெண். வடக்கே எங்கேயோ பெரிய ஆய்வுக்கூடத்தில் படிப்பு. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

பூமிக்கடியிலிருந்து நெருப்புக் குழம்பு, பாறை வெடிப்புக்குள் ஏறி ஆறிப்போகிறது. ஆறும்போது அதற்குள் இருக்கிற இரும்புத் துகள்கள், அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் திரும்பி அப்படியே உறைந்துவிடுகின்றன. பூமியின் இடுப்புப் பக்கம் என்றால் துகள்கள் படுத்த வாக்கில் இருக்கும். துருவத்துப் பக்கம் என்றால் குத்தாக நிற்கும். அந்தச் சாய்வை அளந்தால், கல் பிறந்த அன்று இந்தத் தரை பூமியின் எந்த அட்சரேகையில் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஊர் ஊராகக் கல் எடுத்து அளந்து, எந்தக் கண்டம் எதன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது என்று படம் போடுகிறார்கள்.

நான் சங்கு குளித்திருக்கிறேன், உப்பு வாரியிருக்கிறேன், தோணியில் மாலத்தீவு வரை போய் வாந்தி எடுத்திருக்கிறேன். ஒரு இடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்ததில்லை. கண்டமும் அப்படித்தான் என்று கேட்டபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. அதற்கு யாரும் ஊதாரி என்று பெயர் வைக்கவில்லை என்பது மட்டும் உறுத்தியது.

ஒரே ஒரு நிபந்தனை. கல் பிறந்த இடத்திலேயே, பிறந்தபடியே இருக்க வேண்டும். யாராவது புரட்டிப் போட்டுவிட்டால் போச்சு. ஞாபகம் அப்படியே இருக்கும், பிரயோசனம் இருக்காது. குடித்தவனிடம் வழி கேட்ட மாதிரி. கையை உறுதியாகத்தான் நீட்டுவான். அவன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்பது அவனுக்கே தெரியாது.

கடலில் கிடந்த மலை

அவளை முதலில் பார்த்தது குவாரியில் அல்ல, கடலில். ஆலந்தலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், அலை ஊருக்குள் வராமல் இருக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைவு போட்டிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்பார்கள். அந்த வருடம் எனக்கு வேலை இல்லை. அதாவது வழக்கமான வருடம். வளைவின் நுனியில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் கல் கல்லாகத் தாவி வந்தாள். கடலைப் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டு, சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தாள்.

எங்கள் மாவட்டத்தில் யாராவது கையில் கருவி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தால், அடுத்து அங்கே ஒரு ஆலை வரப்போகிறது என்று அர்த்தம். அதனால் கேட்டேன்.

"யாரும்மா நீ? இங்கன என்ன அளக்க?"

"கல்லு பாக்கேன் அண்ணாச்சி."

"கல்ல எடுத்தா வளைவு போயிரும். வளைவு போனா ஊரு போயிரும். சொல்லிட்டேன்."

"எடுக்க வரல. இந்தக் கறுப்புக் கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டு வாரேன்."

"இதா? புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரி. லாரில ஏத்துனதே நாந்தான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் பையிலிருந்து ஒரு பழைய வரைபடத்தை எடுத்து விரித்தாள். அதில் ஒரு இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு; இந்தக் கறுப்புக் கல் ஓடுகிற இடம் அது. அந்தக் கோட்டைத் தேடி முந்தின நாள் குவாரிக்குப் போயிருக்கிறாள். கரையில் அடர்ந்த உடைமரங்களுக்கு ஊடே பார்த்தால், கோடு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்தான் தெரிந்திருக்கிறது. கோட்டின் ஒரு முனையில் ஊர்க் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். மறுமுனையில் குவாரிக் கழிவைக் கொட்டியிருக்கிறார்கள். டீக்கடையில் விசாரித்தால், "அந்தப் பாறையா? அது கடலுக்குப் போயிட்டு" என்றார்களாம், வெளிநாடு போன மருமகனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

பக்கத்திலிருந்த கறுப்புக் கல்லின் மேல் உட்கார்ந்து உள்ளங்கையால் அதை ஒரு அறை அறைந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"ஒரு மலையவே கொண்டாந்து கடல்ல தள்ளிட்டு, அதுக்கு மேல உக்காந்து மீனு புடிக்கீயளா?"

"மலை இல்லம்மா. திட்டுதான்."

"இங்கன இருக்க கல்லு பூராம் எனக்கு வேண்டிய கல்லு. ஒண்ணுக்கும் தெச தெரியாது. அஞ்சு வருசமா ஊரு ஊரா எடுத்துட்டேன் அண்ணாச்சி. இந்த ஒண்ணுதான் பாக்கி. இது இல்லன்னா என் படத்துல நடுவுல ஓட்ட. ஓட்டையோட குடுத்தா பட்டம் தர மாட்டாங்க. ஒரு காலேஜில வேல சொல்லி வச்சிருக்காங்க, அதுவும் போயிரும்." வரைபடத்தை மடித்தாள். "அங்கன ஒரு துண்டு கூடவா மிச்சம் வைக்கல?"

யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாதது என் பழைய வியாதி. அதனால்தான் நான் பார்க்காத வேலை இல்லை, எதிலும் தேறவுமில்லை.

"ஒண்ணு இருக்கு," என்றேன். "சாட்சி."

இரண்டு பக்கமும் பேசிய சாட்சி

குழி தோண்டிப் பிழைத்தவர்களுக்கு இது தெரியும். தோண்டிய ஆழத்துக்குக் கூலி என்றால், எவ்வளவு தோண்டினோம் என்பதற்கு அடையாளம் வேண்டும். அதனால் நடுவில் ஒரு திட்டைத் தொடாமல் விட்டு வைப்பார்கள். அதன் உச்சிதான் பழைய தரை. உச்சியிலிருந்து குழியின் அடி வரை அளந்தால் ஆழம். அந்தத் திட்டுக்குப் பெயர் சாட்சி.

எங்கள் குவாரியில் சாட்சியாக அந்தக் கறுப்புக் கல்லையே விட்டோம். காரணம் அறிவியல் இல்லை, சோம்பல். சுற்றியிருந்த வெளிர் கல் சுத்தியலால் இரண்டு அடி அடித்தால் பிளக்கும். கறுப்புக் கல் உளியைத் தின்னும். ஒரு தூணளவு மிச்சம் விடலாம் என்றதும், உடைக்கச் சிரமமானதை விட்டுவிட்டோம்.

அப்புறம் சாட்சிக்கு நேர்ந்த கதியைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆழம் கூடினால் லாபம். குத்தகைக்காரருக்கு, அரசாங்கத்திலிருந்து அளக்க வருகிற அன்று மட்டும், ஆழம் குறைந்தால் லாபம், அரசுக்குக் கட்டுகிற பணம் குறையும். ஆகவே எங்களுக்கு அளவு எடுக்கிற நாளுக்கு முன்னால் நாங்கள் சாட்சியின் தலையில் கல்லை ஏற்றினோம். அதிகாரி வருகிற நாளுக்கு முன்னால் அவர் சாட்சியின் காலைச் சுற்றி மண்ணைக் கொட்டினார். ஒரே தூண், ஒரே மாதத்தில், வளரவும் செய்தது, குட்டையாகவும் ஆனது. இரண்டு பக்கமும் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கல் ஏற்றும் யோசனை மூக்காண்டியுடையது. மூக்காண்டி எங்கள் வெடிக்காரன். பனங்காட்டு ஊர்க்காரன், எனக்கு நாலைந்து வயது மூத்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குத்தகைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்று கம்பால் உயரமாக முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, அதே கறுப்புக் கல்லில் ஒரு முழ உயரமுள்ள துண்டைத் தூக்கி வைத்தோம். இடைவெளியில் சிமெண்டு பூசினேன். சிமெண்டு வெள்ளையாகத் தெரியுமே? லாரிப் புகைக்குழாயின் கரியைச் சுரண்டி, பழைய கிரீஸில் குழைத்து மேலே தேய்த்தேன். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது. எங்கள் கூலிக்கு ஆழம் அளக்க வந்த எஞ்சினியர் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பேராசிரியரின் பூரிப்பு

தூண்டில் வளைவில் "ஒண்ணு இருக்கு" என்று சொன்னபோது, சத்தியமாக எனக்கு அந்த ஒரு முழம் ஞாபகத்தில் இல்லை. இவ்வளவு வருடம் நிற்கும் என்று யார் கண்டது? மறுநாள் காலை மூக்காண்டியையும் கூட்டிக்கொண்டு குவாரிக்குப் போனோம். அவன் இப்போது ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். லாரி டியூபும் மூங்கில் ஏணியும் அவன் உபயம். டியூபில் சாமான்களை மிதக்கவிட்டுத் தூணுக்குப் போய், ஏணியைக் கட்டி, அவள் மேலே ஏறி, நாலு துளை போட்டு முடித்துவிட்டாள். ஐந்தாவது துளைக்குத் தண்ணீர் அடிக்கும்போதுதான், வழிந்த சேறு பாசியைக் கழுவிக்கொண்டு போக, என் கண்ணுக்கு நேரே நான் கரி தேய்த்த சிமெண்டுக் கோடு தெரிந்தது. என் விரல் தடம்கூட இருந்தது.

ஆறாவது உருளையை எடுத்துவிட்டு ஏணியில் இறங்கிய செல்வராணியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன அண்ணாச்சி, தனியா ஒரு கோடு?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லில் படம் பிடித்து, தன் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டாள். இரண்டே நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். கை ஈரமாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எக்ஸலண்ட், செல்வராணி! எக்ஸலண்ட்! அந்தக் கோடு என்னன்னு தெரியுதா? குழம்பு சட்டுன்னு குளிர்ந்த விளிம்பு. அப்படின்னா மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, ரெண்டு தடவை குழம்பு ஏறியிருக்கு. யாரும் சொல்லாத விஷயம். தனிப் பேப்பராவே போடலாம். கோட்டுக்கு மேலே இருக்கிறது போதும், இப்ப அந்தக் கோட்டையே துளை போட்டு எடு!"

என் சிமெண்டைப் பற்றி இத்தனை மரியாதையாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

மூக்காண்டியின் நியாயம்

டீ குடிக்கக் கரையேறினோம். செல்வராணி கொஞ்சம் தள்ளி உடைமர நிழலில் உட்கார்ந்து உருளைகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தாள். நான் மூக்காண்டியின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"எல, வாயத் தொறக்காத," என்றான்.

"அந்தப் புள்ள அஞ்சு வருசப் படிப்பு அண்ணே."

"அதுக்குத்தாம்ல சொல்லுதேன். கல்லு கெடச்சிட்டுன்னு சந்தோசமா இருக்கு. வாத்தியாரு அங்க உக்காந்துகிட்டு துள்ளுதாரு. நீ போயி இது நாங்க வச்ச கல்லுன்னு சொன்னா, அதுவும் போச்சு, இதுவும் போச்சு."

"தப்பான எடத்துல கொண்டு போயி இந்தியாவ வச்சிருவாங்க."

"வைக்கட்டும்! நூறு கோடி வருசத்துக்கு முன்னால இந்தியா எங்கன கெடந்தா ஒனக்கென்ன? ஒன் ரேசன் கார்டு மாறுமா? ரேசன் கார்டுல ஒங்கப்பன் பேரே தப்பு. அதத் திருத்த வக்கில்ல, இவன் பூமியத் திருத்தப் போறானாம்."

அவன் சொன்னது நியாயம்தான். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் செல்வராணி எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, முனை தேஞ்சு போச்சு. இன்னும் ஏழெட்டு துளைக்குத்தான் வரும். சாயங்காலம் ரயிலு. சார் சொல்லுத மாதிரி அந்தக் கோட்டுலயே மிச்சத்தையும் போட்டுருவோம்."

கடைசி முனையை என் கிரீஸில் தேய்க்கப் போகிறாள். மனிதன் எவ்வளவு கேடுகெட்டவனாக இருந்தாலும் ஒரு எல்லை இருக்கிறது.

"வேண்டாம்மா," என்றேன். "அந்தக் கோட்ட நான் போட்டேன்."

எந்தப் பக்கம் மேலே?

அவளுக்கு முதலில் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, முக்காலி, சங்கிலி, லாரிக் கரி. தழும்பையும் காட்டினேன். அவள் தழும்பைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஆறு உருளைகளைப் பார்த்தாள்.

"இந்த ஆறும்?"

"நாங்க வச்ச கல்லுல உள்ளது."

"காலையிலயே சொல்ல வாய் வரலயா? ஆறு துள போட்டு முனைய தேச்சாச்சு. படிக்காதவங்கன்னா ஒரு இதுன்னு நம்பி வந்தா, படிச்சவன விட மோசமால்லா இருக்கீய!"

வாங்கிக்கொண்டேன். அதில் பிழை எதுவும் இல்லை.

கோபத்துக்குப் பின்னாலேயே அவளுக்குள் இருந்த படிப்பு வெளியே வந்தது. "சரி. தூக்கி வச்சது எந்தப் பக்கம் மேல வச்சிய? அது ஞாபகம் இருந்தா கூட கணக்கு போட்டுப் பாக்கலாம்."

"இருந்தபடியே நேரா வச்சோம்," என்றேன்.

"பேசுதாம் பாரு," என்றான் மூக்காண்டி. என்னை வாயைத் திறக்காதே என்றவன், விவரம் தப்பாகப் போனதும் பொறுக்கவில்லை. "தல மேடு பள்ளமா இருந்துச்சும்மா. அளவு நாடா நிக்காதுன்னு நாந்தான் பொரட்டிப் போடச் சொன்னேன். அடி மேல, மேல அடி."

"பொரட்டல அண்ணே."

"பொரட்டினோம்ல! பொரட்டும்போதுதானல சங்கிலி வழுக்குச்சு. ஒன் தோளு எப்படிக் கிழிஞ்சுச்சு, மலக்காத்து அடிச்சா?"

செல்வராணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேராசிரியரைக் கூப்பிட்டு, இருந்ததை இருந்தபடி சொன்னாள். இந்தமுறையும் ஸ்பீக்கர்.

 அவர் குரல் வந்தது: "பாரும்மா, கூலிக்காரங்க ஞாபகத்தை வச்சு நாம சயின்ஸ் பண்ண முடியாது. இவ்வளவு வருஷம் கழிச்சு அவங்களுக்கு எது எதுவோ தோணும். படத்தைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? அது இயற்கையான விளிம்புதான்."

என் நாற்பத்துச் சொச்ச வருட வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை எஞ்சினியர், தோணி ஏஜெண்டு, அதிகாரி எல்லாரும் நம்பினார்கள். ஒருமுறை உண்மையைச் சொன்னேன். நம்ப ஆள் இல்லை.

"சரி சார்," என்றாள் செல்வராணி. "மேல உள்ள ஆறும் இருக்கட்டும். மிச்ச முனைய வச்சு கோட்டுக்குக் கீழ எடுத்துட்டு வாரேன். அங்க வந்து லேப் மெஷின் சொல்லட்டும், யாரு சொல்லுதது சரின்னு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கதான் எறங்குதீய."

மார்பளவுத் தண்ணீர்

தூணின் பக்கவாட்டில் நிற்க இடம் கிடையாது. கீழே தண்ணீரில் நின்றுதான் துளை போட வேண்டும். தண்ணீர் எனக்கு மார்பளவு. அடியில் என்ன இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்தேன்: பாட்டில், டயர், ஒரு செத்த ஆட்டின் எலும்பு. சங்கு குளிக்கிற காலத்தில் கடலடி இதைவிடச் சுத்தமாக இருந்தது என்பதைத் தவிர எனக்குப் புகார் இல்லை.

மெஷினை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கல்லில் அழுத்த வேண்டும். புகை மூக்கில், சேறு கண்ணில். மூக்காண்டி டியூபில் மிதந்துகொண்டே தண்ணீர் அடித்தான். நடுநடுவே பேராசிரியரின் குரலில், "எக்ஸலண்ட்! எக்ஸலண்ட்!" என்றான். செல்வராணி ஏணியில் தொங்கியபடி ஒவ்வொரு உருளைக்கும் திசை பார்த்து, கோடு கீறினாள்.

ஐந்து எடுத்தோம். பிறகு அவள் தூணின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே கறுப்புக் கல்லோடு, சுற்றியிருந்த வெளிர் கல்லின் ஒரு பட்டை ஒட்டிக்கொண்டு நின்றது.

"குழம்பு ஏறுனப்ப பக்கத்துல இருந்த கல்லும் சேந்து வெந்திருக்கும் அண்ணாச்சி. வெந்ததும் அன்னைக்கு இருந்த காந்தத்தத்தான் புடிச்சிருக்கும். இதும் அதும் ஒண்ணா காட்டிச்சுன்னா, அப்புறம் எந்த வாத்தியாரும் வாய் தொறக்க முடியாது."

வெளிர் கல்லில் ஒன்று முழுசாக வந்தது. இரண்டாவதில் பாதி போகும்போது முனை கத்தியது, கருகியது, நின்றது. பாதி உருளையை அவள் கோடு கீறி உடைத்து எடுத்துப் பஞ்சில் சுற்றினாள்.

கிளம்பும் முன் கடைசியாக ஒரு வேலை சொன்னாள். "ஓட்டையெல்லாம் அடச்சிருங்க. எடுத்த தடம் தெரியக் கூடாது. அதான் எங்க தொழில் முற."

மூக்காண்டி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கடையிலிருந்து அரைச் சட்டி சிமெண்டும், ரோட்டில் நின்ற லாரியின் புகைக்குழாய்க் கரியும் வந்து சேர்ந்தன. துளைகளை அடைத்து, கரி தேய்த்து முடித்ததும் அவள் குனிந்து தேடினாள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"படுபாவிகளா," என்றாள். முதல் தடவையாக அதில் மரியாதை இருந்தது.

என் பெயர் அச்சில்

ஐந்தாறு மாதம் கழித்து மூக்காண்டியின் கடையில் இருந்தபோது அவள் போன் வந்தது.

"அண்ணாச்சி, கீழ எடுத்த அஞ்சும், வெளிர் கல்லு ஒண்ணரையும் ஒரே பக்கம் காட்டுது. கிட்டத்தட்டக் குத்தா நிக்கு."

"மேல உள்ளது?"

"அதுக்கு நேர் எதிரா, தலைகீழா. நீங்க பொரட்டித்தான் வச்சிருக்கீய. மூக்காண்டி அண்ணாச்சி சொன்னதுதான் சரி."

மூக்காண்டிக்கு அன்று முழுவதும் தலைக்கனம் தாங்கவில்லை. வருகிற போகிற லாரி டிரைவர்களிடமெல்லாம், "மெசினே சொல்லிட்டு!" என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே மீதியைச் சொன்னாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பேராசிரியர் கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அளந்து, இரண்டு தடவை குழம்பு ஏறியதற்கு நடுவில் பூமியின் காந்தமே தலைகீழாகப் புரண்டது என்று எழுதியிருப்பாராம். வட துருவம் தெற்கே, தென் துருவம் வடக்கே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முக்காலியும் சங்கிலியும் வைத்துக்கொண்டு, நானும் மூக்காண்டியும் அதைச் செய்திருப்போம்.

"சரிம்மா, கடசில நம்ம பக்கம் எங்கனதான் இருந்துச்சு?"

"குத்தா நிக்குதுன்னா துருவத்துக்குக் கிட்ட. குளிர்ப் பிரதேசம். வடக்கா தெக்கான்னு மட்டும் கல்லு சொல்லாது."

இதை மூக்காண்டிக்குச் சொன்னேன். அடுப்பு அனலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வெயிலில் வெந்துகொண்டிருந்த ரோட்டைப் பார்த்தான். "குளுரா? நல்லாத்தான இருந்திருக்கு. எவம்ல கொண்டாந்து இங்கன போட்டது?"

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. கல்லூரி வேலையும் கிடைத்தது. பேராசிரியர் அவள் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார் என்று கேள்வி. அது அவர்கள் தொழில் முறை போலும்.

எனக்குத் தபாலில் ஒரு தாள் வந்தது. அவள் ஆய்வேட்டின் ஒரு பக்கம். ஆங்கிலம். ஒரு வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: "தூணின் உச்சியில் உள்ள கல் மனிதரால் தலைகீழாகப் புரட்டி வைக்கப்பட்டது, ஆகவே முடிவுகளில் சேர்க்கப்படவில்லை. தகவல் தந்தவர்கள்: அதை வைத்தவர்கள்." அதன் பின்னால் இரண்டு பெயர்கள். மூக்காண்டி பெயர். என் பெயர், அப்பாவின் முதலெழுத்தும் சரியாக இருந்தது.

என்னிடம் உள்ள காகிதங்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். நான் படிக்காத படிப்பு, நான் பிறக்காத தேதி, எனக்கு இல்லாத அப்பா. எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது. அந்தத் தாளில் முத்திரை இல்லை. நான் செய்ததாக எழுதியிருப்பதை நான் உண்மையாகவே செய்திருந்த ஒரே காகிதம் அது. டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.